ஏற்காடு ரோட்டு வளைவும் அப்புச்சியின் முழக்கோலும்

சினிமாக்காரர்களைப் பற்றிய நினைவுகளைப் பகிரும் இந்த இழையில் எல்லோரும் நடிகரைப் பார்த்த கதையாக எழுதுகிறீர்கள். என்னிடம் இருப்பது ஒரு தயாரிப்பாளர் கதை. அதிலும் நான் அவரைப் பார்த்ததே இல்லை. 1963ல் காலமானவர், நான் பிறந்தது வெகு காலம் கழித்து. ஆனால் எங்கள் வீட்டில் 'முதலாளி' என்றால் அவர் ஒருவர்தான்: மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம்.

அம்மாவைப் பெற்ற அப்புச்சி அங்கே செட்டிங் தச்சர். சேலத்திலிருந்து ஏற்காடு போகிற சாலையில் அந்த ஸ்டுடியோவின் நுழைவு வளைவு மட்டும் இன்னும் நிற்கிறது, பின்னால் எல்லாம் வீடுகள். ஒருநாள் என்னை பஸ்ஸிலிருந்து இறக்கி உள்ளே கூட்டிப்போனார். வாசலில் கோலம், கார், துணி காயப்போட்ட மாடி. அவர் அதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை. தெருவை எட்டு வைத்து அளந்தபடி, "இங்கிருந்து அந்த வேப்பமரம் வரைக்கும் ஃபுளோரு" என்றார், படப்பிடிப்புக் கூடத்தைத்தான் அப்படிச் சொல்வார். ஒரு வீட்டம்மா எட்டிப் பார்த்து, "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டார். "வேலைக்கு வந்தனுங்க" என்றார் அப்புச்சி. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை.

முதலாளி திருச்செங்கோட்டு ஜவுளிக் குடும்பம். இங்கிலாந்தில் லீட்ஸுக்குப் போய் ஜவுளித் தொழில் படித்துவிட்டு வந்தவர், சினிமாவில் இறங்கினார். அப்போது தமிழ்ப் படம் எடுக்க கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ ரயில் ஏறவேண்டும். நடிகர், பாட்டுக்காரர், சமையல்காரர் வரை எல்லோரையும் மூட்டை கட்டிக்கொண்டு போகிற செலவு. அந்தச் செலவுக்குச் சொந்த ஊரிலேயே ஸ்டுடியோ கட்டிவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார் என்பது என் ஊகம். மில் நடத்தத் தெரிந்தவர் புத்தி அப்படித்தானே போகும்? ஸ்டுடியோவையும் மில் மாதிரியே நடத்தினார். நடிகர், கதை இலாகா, தச்சர், எல்லோருக்கும் மாதச் சம்பளம். முதல் படம் 'சதி அகல்யா' 1937ல் வந்தது. 1940 'உத்தமபுத்திர'னில் பி.யு.சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். 1950 'மந்திரிகுமாரி'க்கு வசனம் கலைஞர், நாயகன் எம்.ஜி.ஆர். இரண்டு பேருமே பிற்பாடு முதலமைச்சர்கள். 1952ல் அமெரிக்கர்களோடு சேர்ந்து ஓர் ஆங்கிலப் படம்கூட எடுத்திருக்கிறார். அத்தனையும் சேலத்தில் உட்கார்ந்துகொண்டு!

1956ல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். டிவியில் போட்டால் அப்புச்சி எம்.ஜி.ஆரைப் பார்க்கமாட்டார், பானுமதியையும் பார்க்கமாட்டார். சுவரையும் தூணையுமே பார்ப்பார். "அது கல்லு இல்ல கண்ணு. ரீப்பர் கட்டை, மேல சாக்கு, அதுக்கு மேல பூச்சு" என்பார். கறுப்பு வெள்ளையில் சாம்பல் நிறம் எதை அடித்தாலும் கல்லாகிவிடுமாம். கலரில் சுண்ணாம்பு கொஞ்சம் வெளுத்திருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும் என்று, அறுபது வருஷம் கழித்தும் புலம்புவார்.

* * *

மேலே எழுதிய நண்பருக்கு: பாலக்காட்டிலிருந்து ரயிலில் வரும்போது எதிர் சீட்டில் ஒரு ரிட்டயர்டு மலையாள வாத்தியார். எந்த ஊர் என்றார், சேலம் என்றேன். மாம்பழம் பற்றிக் கேட்பார் என்று நினைத்தால், "ஓ, 'பாலன்' எடுத்த ஊர்" என்கிறார்! மலையாளத்தின் முதல் பேசும் படம், 1938, உங்கள் முதலாளி எடுத்ததுதான். மலையாளத்தின் முதல் முழுநீள வண்ணப் படமும் அவர் எடுத்ததே, 1961ல் 'கண்டம் பெச்ச கோட்டு'. 'பாலன்' பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று வாத்தியார் ரொம்ப வருத்தப்பட்டார். சேலத்துக்காரன் எனக்கு அன்றைக்குத்தான் அந்தப் படத்தின் பெயரே தெரியும். ஈரோடு வரை வாயைத் திறக்கவில்லை.

அது சரி, தலைப்பில் சொன்னீர்களே, அப்புச்சியின் முழக்கோல், தச்சர் அளக்கிற அந்தக் கோல், இன்னும் இருக்கிறதா?

* * *

இருக்கிறது. அம்மா அதில் கொசுவலை கட்டியிருக்கிறார்.