எட்டாவது நொடி: வேறோர் ஆய்வகம் முந்திக்கொண்ட அனுபவங்கள்

தேன்சிட்டு:
பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளால் சூரிய மின்கலம் செய்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கரைசலைத் தகட்டில் விட்டுச் சுழற்றும்போது குளோரோபென்சீன் என்ற கரைப்பானை எந்த நொடியில் சொட்டவிடுகிறோம் என்பதில்தான் படலத்தின் தலையெழுத்து இருக்கிறது. சற்றே பிந்தினாலும் கண்ணாடிபோல் மின்ன வேண்டியது பால் படிந்ததுபோல் வெளுத்துவிடும். எங்கள் கலவைக்கு அது எட்டாவது நொடி என்று கண்டறிய எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. சென்ற ஆண்டு ஒரு கருத்தரங்கில் என் போஸ்டரின் முன் வந்து நின்ற ஒருவர், கையிலிருந்த காப்பியைக் குடிக்காமல், வரைபடங்களையும் பார்க்காமல், "எத்தனையாவது நொடியில் சொட்டுகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அந்த எண்ணை எழுத வேண்டாம் என்று நெறியாளர் சொல்லியிருந்ததால் போஸ்டரில் அது இல்லை. ஆனால் இரண்டு மணி நேரமாக யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் ஒருவர் சரியான கேள்வியைக் கேட்டுவிட்ட மகிழ்ச்சியில், "எட்டு" என்று சொல்லிவிட்டேன். ஆறு வாரம் கழித்து அவருடைய ஆய்வகத்தின் முன்பதிப்பு, அதாவது இதழின் மதிப்பீட்டுக்கு முன்பே இணையத்தில் ஏற்றும் கட்டுரை, வெளிவந்தது. அதே கலவை, அதே எட்டு நொடி. திருடிவிட்டார் என்றே சொல்வேன். நெறியாளர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கல்தூண்:
திருட்டு என்று சொல்லுமுன் கணக்குப் பாருங்கள். மின்கலத்தின் நிலைப்புத்தன்மையை ஆயிரம் மணி நேரம் சோதித்திருந்தால் அதற்கே ஏறத்தாழ 42 நாட்கள், அதாவது உங்கள் ஆறு வாரம் முழுவதும், போய்விடும். மற்ற அளவீடுகளை எப்போது எடுத்தார்கள், கட்டுரையை எப்போது எழுதினார்கள்? 2009இல் 3.8 சதவீதத் திறனோடு தொடங்கிய இத்துறை இன்று 25 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது என்றால், ஒரே படியில் பல ஆய்வகங்கள் ஒரே வாரத்தில் கால் வைப்பது இயல்பு. நான் மறுபக்கத்தில் நின்றவன். எங்கள் கட்டுரை முந்தி வந்த பிறகு, அதே சிக்கலில் உழைத்த மாணவர் ஒருவர், உணவுக்கூடத்தில் நான் எதிரே அமர்ந்ததும் பாதிச் சோற்றோடு தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார். அவருடைய வேலையைப் பற்றி எனக்கு அதுவரை ஒன்றுமே தெரியாது.

மேசைவிளக்கு:
ஈஸ்ட் மரபணு ஒன்றில் இரண்டு ஆண்டுகள் உழைத்தபின், ஒரு காலை மின்னஞ்சலில் என் தலைப்பையே வேறொருவர் பெயரில் பார்த்தேன். என் கதை அவ்வளவுதான். சொல்ல வந்தது வேறு. முடிவு கையில் இருந்தால் முன்பதிப்பை ஏற்றிவிட்டுப் பிறகு போஸ்டர் ஒட்டுங்கள். குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் தேதியிட்டு இன்னொருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். 1987இல் இயற்பியலாளர் பால் சூ, மின்தடையின்றி மின்சாரம் கடத்தும் உயர்வெப்ப மீகடத்தி பற்றிய தம் கட்டுரையை 'பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ்' இதழுக்கு அனுப்பியபோது இட்ரியம் என்ற தனிமம் வர வேண்டிய இடங்களில் இட்டெர்பியம் என்ற வேறு தனிமம் இருந்தது. அச்சாவதற்கு முன் திருத்தினார். போட்டியாளர்களைத் திசைதிருப்பவே அப்படி எழுதினார் என்று பலர் சந்தேகித்தார்கள்; தட்டச்சுப் பிழை என்பது அவர் தந்த விளக்கம், நம்புவது உங்கள் பாடு. இரண்டாவதாக வந்துவிட்டாலும் கட்டுரையைக் குப்பையில் போடாதீர்கள்: 'பிளாஸ் பயாலஜி' இதழ் 2018 முதல், ஒத்த முடிவு வேறிடத்தில் வெளிவந்து ஆறு மாதங்களுக்குள் வரும் கட்டுரையைப் புதுமை இல்லை என்று தள்ளுவதில்லை. முனைவர் பட்டத்துக்கு வெளியான கட்டுரை கட்டாயம் என்ற விதியைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் நீக்கியதையும் நினைவில் வையுங்கள்.

சாய்நாற்காலி:
விதியை நீக்கினாலும் எங்கள் துறையில் கேட்பதை நிறுத்தவில்லை. கையெழுத்து யோசனையும் எனக்கு உதவியிருக்காது. எங்கள் நெறியாளர் ஒரே சிக்கலை எனக்கும் என் சீனியர் அண்ணனுக்கும் தனித்தனியே கொடுத்திருந்தார். காற்றுப் புகாத கிளவ் பாக்ஸ் பெட்டியில் என் குப்பிகளுக்குப் பக்கத்தில், அதே பெயர் எழுதிய அண்ணனின் குப்பிகளைப் பார்த்த அன்றுதான் எங்கள் இருவருக்கும் அது தெரிந்தது.

தேன்சிட்டு:
பெரோவ்ஸ்கைட்டுக்கு உயிரியல் இதழ் எதற்கு என்று மேசைவிளக்கிடம் கேட்க நினைத்தேன், விட்டுவிடுகிறேன். கல்தூண் சொன்னதற்காக அந்த முன்பதிப்போடு வந்த கூடுதல் தகவல் கோப்பை நேற்றிரவு முதன்முறையாக முழுதும் படித்தேன். ஐந்தாம் நொடி முதல் பன்னிரண்டாம் நொடி வரை சொட்டிய எட்டுத் தகடுகளின் ஒளிப்படம் அதில் இருக்கிறது. ஒவ்வொன்றின் மூலையிலும் மார்க்கரால் தேதி எழுதியிருக்கிறார்கள். கருத்தரங்குக்குப் பதினொரு நாள் முந்தைய தேதி. ஆகவே திருட்டு என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் நான் "எட்டு" என்றதும் அவர் தலையாட்டிவிட்டு, குனிந்து போஸ்டரின் கீழே இருந்த என் பெயரைப் படித்துவிட்டுப் போனார். எங்களுக்கும் எட்டுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றிரவே நெறியாளரை எழுப்பியிருப்பேன்.