களிறு, பிடி என்ற குறிச்சொற்களை நீக்கத்தான் வேண்டுமா?

வேழநேயன்: காட்டுயிர்ப் படத்தொகுப்பில் "களிறு", "பிடி" என்பவற்றை நீக்கிவிட்டு எல்லாப் படங்களுக்கும் "ஆசிய யானை" என்று மட்டும் குறியிட்டால் போதும் என்று ஒருவர் நேற்று எழுதியிருக்கிறார். தொல்காப்பிய மரபியலே பிடி என்ற பெயரை யானையின் பெண்ணுக்கென்று வகுத்து வைத்திருக்க, தேடலுக்கு இடையூறாக இருக்கிறதென்று அதைத் தூக்கியெறியும் உரிமையை இவர்களுக்கு யார் கொடுத்தார்கள்?

குறிச்சொல் காப்பாளர்: அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். நீலகிரியின் மாயாற்றுப் பகுதியில் எடுத்த யானைப் படத்தில் நிற்பது தந்தமில்லாத ஆணாகிய மக்னா. தந்தம் இல்லை என்ற ஒரே காரணத்தால் அதற்குப் "பிடி" என்று குறியிட்டவர் தாங்கள். உயிரினப் படங்களைப் பதிவேற்றி அடையாளம் காணும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இருப்பதுபோல் இனப்பெயரை ஒன்றாக வைத்து, ஆணா பெண்ணா என்பதைத் தனிக் குறிப்பாகச் சேர்த்திருந்தால், பால் தவறினாலும் படம் தேடலில் அகப்பட்டிருக்கும்.

வேழநேயன்: அது பிடிதான்.

மலைச்சாரல்: இலங்கையில் வளர்ந்த ஆண் யானைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குத் தந்தம் கிடையாது. வேழநேயனின் கணக்குப்படி அவை எல்லாமே பிடிகள் என்றால், அங்கே குட்டிகள் எப்படிப் பிறக்கின்றன என்பதையும் அவரே விளக்கிவிடட்டும்.

வேழநேயன்: மாயாற்றில் எடுத்த படத்துக்கு இலங்கையை ஏன் இழுக்கிறீர்கள்? அருகிலேயே குட்டி நிற்பது தங்கள் கண்ணில் படவில்லையா? அது பிடிதான்.

குறிச்சொல் காப்பாளர்: துதிக்கையின் அடிப்பகுதி பருத்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். தாங்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் அதே மரபியல், ஆண்பன்றியைக் களிறு என்பதற்கும் தடையில்லை என்கிறது. களிறு என்று தேடி வருபவருக்குக் காட்டுப்பன்றியையும் சேர்த்துக் காட்டிவிடலாமா?

புதியவன்: தோகை வளராத இளம் ஆண்மயிலுக்கு எந்தக் குறிச்சொல்லை இடவேண்டும் என்று யாரேனும் சொல்வீர்களா?

வேழநேயன்: சென்ற ஆண்டு காட்டுமாட்டின் படங்களுக்கெல்லாம் "காட்டெருமை" என்று குறியிட்டுவிட்டு, அது எருமையே அன்று என்று எடுத்துச் சொன்ன என்மீதே பாய்ந்தவர், இன்று எனக்கு விலங்கியல் கற்பிக்க வந்திருக்கிறார். அந்தப் படங்கள் இன்னும் அப்படியே கிடக்கின்றன.

மலைச்சாரல்: நீலகிரியில் பலரும் காட்டெருமை என்றுதான் சொல்கிறார்கள்.

வேழநேயன்: மக்கள் சொல்கிறார்கள் என்பதற்காகக் காட்டெருமை நிற்கலாமாம், சங்கப் புலவர்கள் முதல் இன்றுவரை வழங்கிவரும் பிடி மட்டும் போகவேண்டுமாம்! நல்ல நீதி. குறிச்சொல்லை மீண்டும் இட்டிருக்கிறேன்.

குறிச்சொல் காப்பாளர்: நீக்கிவிட்டேன். அது மக்னா.

வேழநேயன்: மறுபடியும் இட்டுவிட்டேன். அது பிடி. காட்டெருமையைத் திருத்திவிட்டு வாருங்கள், பேசலாம்.