பத்து நாளைக்கு அப்புவை யார் பார்ப்பது?

குழு: தாத்தா வீடு

வெள்ளி, காலை 6:12

சுதா: எல்லோரும் கொஞ்சம் படியுங்கள். அடுத்த வாரம் போய் அதற்கடுத்த திங்கள் முதல் பத்து நாள் அலுவலகப் பயிற்சிக்கு வெளியூர் போகிறேன். அவருக்கும் அந்தப் பத்து நாளும் இரவுப் பணி. அம்மாவை அண்ணன் வந்து அழைத்துப் போவதாகப் பேச்சு. அப்புவை என்ன செய்வது?

அண்ணன்: காலை வணக்கம் 🙏

அண்ணன்: [படம்]

அண்ணி: எந்தத் திங்கள்? வருகிற திங்களா?

சுதா: இல்லை அண்ணி, அதற்கு அடுத்தது. இன்னும் பத்து நாள் இருக்கிறது.

தம்பி: நாய் விடுதி?

சுதா: ஒரு நாளைக்கு ஆறு வேளை பிடித்து உட்கார வைத்துக் கண்ணுக்கு மருந்து போடுவார்களா?

தம்பி: கேட்டுப் பார்க்கலாமே

சுதா: நீயே கேட்டுச் சொல்.

நித்யா: அத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் ✋✋

அண்ணி: தேர்வு யாருக்கு?

நித்யா: அது பதினெட்டாம் தேதிதானே அம்மா

அண்ணி: அதைத்தான் சொல்கிறேன்

அம்மா: [குரல் செய்தி 0:51]

தம்பி: கூட்டத்தில் இருக்கிறேன். அம்மா என்ன சொல்கிறார்கள்?

நித்யா: அப்பு வந்தால்தான் பாட்டி வருவார்களாம். இல்லையென்றால் அங்கேயே இருந்துகொள்வார்களாம். அப்புறம் பீரோ சாவி எங்கே என்று கேட்கிறார்கள்.

சுதா: கடிகாரத்துக்குப் பின்னால் இருக்கிறது அம்மா

அண்ணன்: அம்மா வரட்டும். நாய் விஷயத்தைப் பேசி முடிவு செய்யலாம்.

அம்மா: பேச ஒன்றும் இல்லை

அண்ணி: அத்தை, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்குக் கண்ணில் மருந்து வைக்கக் கை வராது. போன தடவை என்னைப் பார்த்து உறுமினான்.

சுதா: முன்னால் நின்று மருந்தைக் காட்டினால் உறுமத்தான் செய்வான் அண்ணி, குழாய் நேராகக் கண்ணுக்கு வருகிறது என்று பயம். எப்படி என்று சொல்கிறேன். தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, அவன் முதுகு உங்கள் பக்கம் வருகிற மாதிரி இரண்டு தொடைக்கும் நடுவே நிறுத்துங்கள். பின்னால் நகர இடம் இல்லாததால் நின்றுவிடுவான். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, பீளையை உள் ஓரத்திலிருந்து வெளியே துடைக்க வேண்டும். காய்ந்து ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், பஞ்சை அரை நிமிடம் கண் மேலேயே வைத்திருந்தால் ஊறிவிடும். துடைக்காமல் மருந்து வைத்தால் அது பீளை மேல்தான் உட்காரும், கண்ணுக்குப் போகாது. அப்புறம் இடது கையால் தாடையைத் தூக்கி, வலது கையைத் தலை மேல் ஊன்றி, மேல் இமையை லேசாக மேலே இழுத்தால் வெள்ளை விழி தெரியும். அங்கே ஒரு அரிசி நீளம் ஆயின்ட்மென்ட். குழாயின் நுனி கண்ணில் படக்கூடாது. கையைத் தலையில் ஊன்றுவது எதற்கென்றால், அவன் திமிறினாலும் கை அவனோடு சேர்ந்தே நகரும், குத்தாது.

தம்பி: 👍

அண்ணி: இவ்வளவு இருக்கிறதா

நித்யா: நான் செய்திருக்கிறேன். இரண்டு நிமிட வேலைதான்.

அண்ணன்: ஆறு வேளையா? போன வருடம் இரண்டு வேளை என்றாய்

சுதா: ஆயின்ட்மென்ட் இரண்டு வேளை, செயற்கைக் கண்ணீர் நாலு வேளை. ஒரே நேரத்தில் வருகிறபோது முதலில் சொட்டு, பத்து நிமிடம் கழித்து ஆயின்ட்மென்ட். மாற்றி வைத்தால் களிம்பு மேல் சொட்டு வழுக்கி வெளியே போய்விடும்.

தம்பி: இன்னும் குணமாகவில்லையா? ஒன்றரை வருடமாக வைக்கிறாயே

சுதா: இது குணமாகிற நோய் இல்லை என்று எத்தனை தடவை சொல்லிவிட்டேன். அவன் உடம்பே அவனுடைய கண்ணீர்ச் சுரப்பியைத் தாக்குகிறது. ஆயின்ட்மென்ட்டில் இருக்கிற சைக்ளோஸ்போரின் அந்தத் தாக்குதலை அடக்கி வைக்கிறது, அவ்வளவுதான். ஆரம்பித்து வேலை செய்யவே ஆறு வாரம் ஆயிற்று. நிறுத்தினால் பழையபடி. ஜூனில் எனக்குக் காய்ச்சல் வந்து ஐந்து நாள் சரியாக வைக்கவில்லை, ஆறாம் நாள் கண் இரண்டும் பச்சைப் பீளை கட்டி ஒட்டிக்கிடந்தது.

அண்ணன்: பாவம்

சுதா: இமைக்குள் சின்னக் காகிதப் பட்டை வைத்து ஒரு நிமிடத்தில் எவ்வளவு நனைகிறது என்று பார்ப்பார்கள். 15 மில்லிமீட்டருக்கு மேல் வந்தால் நல்ல கண். இவனுக்கு முதலில் வலது கண் 4, இடது 9. இப்போது வலது 11, இடது 16. இதைக் கெடுக்கக்கூடாது என்றுதான் கெஞ்சுகிறேன்.

நித்யா: வலது கண் மட்டும் ஏன் அத்தை குறைவு?

சுதா: குட்டியாக இருந்தபோது அந்தக் கண்ணின் ஓரத்தில் சிவப்பாக உருண்டையாகப் பிதுங்கி நின்றது. அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். அதுவே ஒரு கண்ணீர்ச் சுரப்பி, கண்ணீரில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அதிலிருந்துதான் வரும். வெட்டாமல் உள்ளே தள்ளித் தைத்திருக்க வேண்டும். பக் இனத்துக்கு ஏற்கெனவே கண் பிதுங்கி, இமை சரியாக மூடாது. அதில் இதுவும் சேர்ந்துவிட்டது.

தம்பி: வெட்டச் சொன்னது நானா?

சுதா: உன்னை யார் சொன்னது

தம்பி: கூட்டிப் போனது நான்தானே. டாக்டர் வெட்ட வேண்டும் என்றார், சரி என்றேன். எனக்கு எப்படித் தெரியும்

சுதா: உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நித்யா கேட்டாள், சொன்னேன்.

அண்ணன்: வாங்கி வந்தது நீ. வேலை கிடைத்ததும் சுதாவிடம் விட்டுப் போனதும் நீ. அதை மட்டும் சொல்லலாம்.

தம்பி: ஆரம்பித்துவிட்டீர்களா அண்ணா

அண்ணி: குழுவின் படத்தை யார் மாற்றியது? மாமாவின் படம்தானே இருந்தது

நித்யா: நான்தான். தாத்தாவும் நம் பழைய நாய் ஜிம்மியும் இருக்கிற படம், பழைய ஆல்பத்தில் கிடைத்தது.

அம்மா: ஜிம்மி

அம்மா: அதற்கும் கண் இப்படித்தான் ஒட்டும்

சுதா: ஆமாம் அம்மா. நேற்று அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணில் பளபளப்பே இல்லை. நல்ல கண்ணில் எதிரே இருக்கிற ஜன்னல் கம்பிகூடக் கோடு கோடாகத் தெரியும். ஜிம்மி கண்ணில் வெளிச்சம் உடைந்து சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. அப்பா தினமும் காலையில் ஈரத்துணியால் துடைத்துவிடுவார், ஞாபகம் இருக்கிறதா? வயசாகிவிட்டது என்று நினைத்தோம். நாலு வயதுதான் அப்போது. கருவிழி மேல் மெல்ல மெல்லக் கறுப்புப் படர்ந்து முழுதாக மூடிவிட்டது.

அண்ணன்: அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்

தம்பி: கடைசியில் வாசல் கதவு திறந்து கிடந்தது என்று என் தலையில்தான் விழுந்தது

அண்ணன்: அது இப்போது எதற்கு

தம்பி: சும்மா சொன்னேன்

அண்ணி: சாப்பிட்டுவிட்டு வருகிறேன். முடிவு என்ன என்று யாராவது எழுதி வையுங்கள்

சனி, மாலை 5:40

சுதா: அப்பு வலது கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிறான். காலையில் நன்றாக இருந்தான். வெளிச்சத்தைப் பார்த்தால் முகத்தைச் சோபாவில் தேய்க்கிறான். [படம்]

நித்யா: ஐயோ

தம்பி: படம் தெளிவாக இல்லை

அண்ணன்: தூசி விழுந்திருக்கும். கழுவி விடு

அம்மா: நான் மத்தியானம் ஒரு சொட்டு விட்டேன்

சுதா: என்ன சொட்டு அம்மா?

அம்மா: எனக்குக் கண் ஆபரேஷன் செய்தபோது கொடுத்தது. மிச்சம் இருந்தது. எனக்குக் குளிர்ச்சியாக இருந்தது

சுதா: அம்மா எத்தனை தடவை விட்டீர்கள்? எந்தக் கண்ணில்?

அம்மா: நேற்று ஒன்று. இன்று ஒன்று. தேய்த்துக்கொண்டே இருந்தான். பார்க்கப் பொறுக்கவில்லை

அண்ணன்: விடு சுதா. மனிதருக்குக் கொடுத்த மருந்துதானே, என்ன ஆகிவிடப் போகிறது

சுதா: அண்ணா, அதில் ஸ்டீராய்டு இருக்கிறது, பாட்டிலைப் பார்த்துவிட்டேன். கருவிழியில் புண் இருக்கிற நேரத்தில் ஸ்டீராய்டு பட்டால் புண் ஆறாது, ஆழமாகும். கருவிழியின் கனமே அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம்தான். மோசமாகப் போனால் ஓரிரு நாளில் ஓட்டையே விழும். உலர்ந்த கண்ணில் கீறல் விழுவதும் சுலபம், விழுந்தால் ஆறுவதும் தாமதம். கண்ணைச் சுருக்கினாலே வலி என்று அர்த்தம், நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்கக்கூடாது. நான் கிளம்புகிறேன்.

நித்யா: தேய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் அத்தை. கழுத்தில் மாட்டுகிற கூம்பு இருக்கிறதா?

சுதா: போட்டாயிற்று

அம்மா: [குரல் செய்தி 0:07]

தம்பி: அம்மா அழாதீர்கள். வேண்டுமென்றா செய்தீர்கள்

அண்ணி: அத்தை பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

சுதா: அவர் இருக்கிறார். வைக்கிறேன்.

சனி, இரவு 8:25

அண்ணன்: என்ன ஆயிற்று

அண்ணன்: சுதா

தம்பி: அழைத்துப் பார்த்தேன். எடுக்கவில்லை

நித்யா: மாமா சொன்னார், இப்போதுதான் உள்ளே போனார்களாம்

அண்ணன்: அந்த அங்கிள் மகன் வேலை விஷயம் என்ன ஆயிற்று தம்பி, அவர் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்

தம்பி: அப்புறம் பேசலாம் அண்ணா

சனி, இரவு 9:05

சுதா: வந்துவிட்டோம். புண் இருக்கிறது. ஆரஞ்சு நிறச் சாயம் ஒன்றை விட்டு நீல விளக்கில் பார்த்தார். புண் இருக்கிற இடம் மட்டும் பச்சையாக ஒளிர்ந்தது, கடுகு அளவு. மேலாகத்தான் இருக்கிறது, ஆழமில்லை. சொட்டு இரண்டோடு நின்றது நல்லதாயிற்று என்றார். ஆன்டிபயாடிக் சொட்டு நாலு வேளை கூடுதல். கூம்பைக் கழற்றவே கூடாது. செவ்வாய்க்கிழமை மறுபடி சாயம் விட்டுப் பார்ப்பார். ஆழமாகாமல் இருந்தால் ஒரு வாரத்தில் ஆறிவிடும் என்றார்.

நித்யா: அப்பாடா

தம்பி: அம்மாவிடம் சொன்னாயா?

சுதா: முதலில் அவர்களிடம்தான் சொன்னேன். அம்மா, நீங்கள் சொன்னதால்தான் டாக்டரிடம் சரியாகச் சொல்ல முடிந்தது. மறைத்திருந்தால் இன்னும் இரண்டு நாள் தூசி என்றே நினைத்துக்கொண்டிருப்போம்.

அம்மா: கூம்போடு என் கட்டிலுக்கு அடியில் வந்து படுத்திருக்கிறான்

அம்மா: இடித்து இடித்து வந்தான்

அண்ணன்: அந்தப் பாட்டிலை முதலில் தூக்கிப் போடுங்கள்

சுதா: போட்டாயிற்று. உங்கள் வீட்டிலும் மிச்சம் இருந்தால் போட்டுவிடுங்கள் அண்ணா.

அண்ணி: இரண்டு இருந்தது. இப்போதே எடுத்துப் போட்டேன்

ஞாயிறு, காலை 7:20

அண்ணன்: காலை வணக்கம் 🙏

அண்ணன்: கண் எப்படி இருக்கிறது

சுதா: பாதி திறக்கிறான். தேய்ப்பது குறைந்திருக்கிறது.

அண்ணி: சுதா, நான் ஒன்று சொல்லட்டுமா. புதன் மாலை நானும் நித்யாவும் அங்கே வருகிறோம். நீ இருக்கும்போதே என் கையால் ஒரு வேளை வைத்துப் பார்க்கிறேன். வந்தால் பார்க்கலாம்.

நித்யா: 🎉🎉

அண்ணி: உனக்கு இல்லை. நீ புத்தகத்தோடு வருகிறாய்

சுதா: அண்ணி, வாருங்கள். அவனுக்கு முன்னால் உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து முதலில் பேசுங்கள். வலது பக்கம் பார்வை மங்கல், அந்தப் பக்கத்திலிருந்து சத்தமில்லாமல் தொட்டால் திடுக்கிடுவான். அன்றைக்கு உறுமியது அதனால்தான் என்று நினைக்கிறேன். மருந்து வைத்து முடித்ததும் காது மடலுக்குப் பின்னால் தடவிக்கொடுங்கள், ஒவ்வொரு தடவையும். அதற்காகவே அடுத்த வேளைக்கு வந்து நிற்பான்.

அண்ணன்: எங்கள் வீட்டுக்கு வந்தால் எங்கே படுப்பான்

அம்மா: என் கட்டிலுக்கு அடியில்

சுதா: வந்தால் பத்து நாளும் நாற்காலி மேசையை இடம் மாற்றாதீர்கள் அண்ணா. கழுத்துப்பட்டை வேண்டாம், மார்புப் பட்டை கொடுத்து அனுப்புகிறேன், கழுத்தை இழுத்தால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் படக்கூடாது.

அண்ணன்: இன்னும் முடிவாகவில்லை, செவ்வாய் டாக்டர் என்ன சொல்கிறார் பார்ப்போம்

தம்பி: புண் ஆறவில்லையென்றால் பயிற்சியைத் தள்ளிப்போட முடியுமா சுதா?

சுதா: கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

தம்பி: நான் நாலு நாள் விடுப்பு எடுத்து வரலாம். வியாழன் முதல் ஞாயிறு வரை. மிச்ச நாள் வேறு யாராவது

அண்ணன்: நீயா

தம்பி: ஆமாம் அண்ணா. டிக்கெட் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்

அம்மா: வந்தால் அந்தப் பழைய ஆல்பத்தையும் பார்க்கலாம்

சுதா: எல்லோரும் இருங்கள், ஏழரை ஆகிவிட்டது. சொட்டு விட வேண்டும்.