'கண்டுபிடிப்புக் கோட்பாடு' சரிதானா?

> 'டாக்ட்ரின் ஆஃப் டிஸ்கவரி'க்குத் தமிழில் 'கண்டுபிடிப்புக் கோட்பாடு' என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

வணக்கம் ஐயா,

புரியும், ஆனால் வேறு எதுவோ புரியும். 2023 மார்ச்சில் வத்திக்கான் இதைக் கைகழுவியதே, அந்தச் செய்திக்குக் 'கண்டுபிடிப்புக் கோட்பாட்டை வத்திக்கான் நிராகரித்தது' என்று தலைப்பு வைத்தால், மறுபடியும் கலிலியோ பஞ்சாயத்தா என்றுதான் நினைப்பார்கள்!

இது, ஐரோப்பிய அரசுகள் தாங்கள் 'கண்டுபிடித்த' நிலத்துக்குப் பாத்தியதை கொண்டாடும் சங்கதி. 1493இல் பாப்பரசர் ஆறாம் அலெக்சாண்டர், அட்லாண்டிக்கில் ஒரு கோடு கிழித்து அதற்கு மேற்கே உள்ளதையெல்லாம் ஸ்பெயினின் காஸ்டில் அரசுக்கு எழுதிக்கொடுத்தார். ஏற்கெனவே கிறித்தவ அரசர் வசம் இருந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு. அங்கே குடியிருந்தவர்கள் கணக்கிலேயே இல்லை.

பின்னாளில் இதே எண்ணம் நீதிமன்றம் ஏறியது. 1823இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஜான்சன் – மெக்கின்டாஷ் வழக்கு. ஒரு தரப்பின் கிரயம், 1770களில் இல்லினாய், பியான்கெஷா தொல்குடி மக்களிடமே நேராக நிலம் வாங்கியவர்கள் வழி வந்தது. மற்றவர் அரசிடம் வாங்கியவர். அரசிடம் வாங்கியவரே ஜெயித்தார். தலைமை நீதிபதி மார்ஷல் சொன்னது, நம் பத்திர மொழியில்: தொல்குடிகளுக்கு அனுபோகம் உண்டு, விருப்பப்பட்டவருக்குக் கிரயம் செய்யும் அதிகாரம் இல்லை, வாங்கும் உரிமை 'கண்டுபிடித்த' அரசுக்கே.

ஆகவே 'உரிமை' உள்ளே வந்தாக வேண்டும். என் பரிந்துரை: கண்டோர் உரிமைக் கோட்பாடு.

> அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் அந்த மண்ணைத் தினமும் கண்டோர்தானே? 'கிறித்தவர்' என்றோ 'ஐரோப்பியர்' என்றோ முன்னொட்டு வேண்டாமா?

நல்ல கேள்வி. அந்த முரண் கோட்பாட்டிலேயே இருக்கிறது. 1496இல் இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றி கடலோடி ஜான் காபட்டுக்குக் கொடுத்த உரிமப் பட்டயம், 'கிறித்தவர் எவரும் அதுவரை அறியாத' நிலங்களைத் தேடச் சொல்கிறது. யார் கண்டால் கணக்கு என்பதை அவர்களே எழுதிவைத்துவிட்டார்கள். அதை விளக்கத்தில் சொல்லலாம். தலைச்சொல்லில் ஏற்றினால் நீண்டுவிடும்.

இன்னொன்று, தீர்ப்பில் வரும் 'ஆக்குபன்சி'க்குக் 'குடியிருப்புரிமை' வேண்டாம், அடுக்குமாடி விளம்பரம் மாதிரி இருக்கிறது. 'அனுபோக உரிமை' போதும். தனித்தமிழ் அன்பர்கள் 'துய்ப்புரிமை' என்பார்கள். எனக்கு மறுப்பில்லை, ஆனால் பத்திர எழுத்தரிடம் கேட்டால் முதல் சொல்தான் வரும்.