திடப்படுத்தல் வகுப்பில் விசுவாசப் பிரமாணம்: எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பசுமலைவாசி
சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் வளர்ந்தபின் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே உறுதிப்படுத்தும் சடங்குக்கான திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகள், ஆராதனையில் சபையாகச் சொல்லும் விசுவாச அறிக்கையான அப்போஸ்தலர் பிரமாணத்தைக் கடகடவென்று ஒப்பித்துவிடுகிறார்கள். அர்த்தம் கேட்டால் முழிக்கிறார்கள். போதாக்குறைக்கு, "வேதத்தில் இல்லாததை ஏன் வாராவாரம் சொல்றீங்க?" என்று சுயாதீன சபைக்குப் போகும் நண்பர்கள் கேட்கிறார்களாம். என்ன பதில் சொல்வது, எங்கிருந்து ஆரம்பிப்பது?

அரசரடி
ஞானஸ்நானத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஆதிச் சபையில் தண்ணீரில் நிற்பவரிடம் "பிதாவை விசுவாசிக்கிறாயா?" என்று கேட்பார்கள். "விசுவாசிக்கிறேன்" என்றதும் ஒரு முழுக்கு. குமாரனைக் குறித்து இன்னொரு கேள்வி, இன்னொரு முழுக்கு. ஆவியானவரைக் குறித்து மூன்றாவது. ரோமாபுரிச் சபையின் அந்தப் பதில்கள் வளர்ந்துதான் இன்றைய அப்போஸ்தலர் பிரமாணம் ஆனது. பன்னிரண்டு அப்போஸ்தலரும் ஆளுக்கொரு வரி சொன்னார்கள் என்பது பின்னால் வந்த கதை. அதை வகுப்பில் சொல்லாதீர்கள்.

ஆகவே வரிவரியாகப் பிரிக்காமல் மூன்று கேள்விகளாகப் பிரியுங்கள். நீங்கள் கேளுங்கள், பிள்ளை பதில் சொல்லட்டும். குழந்தையாக இருந்தபோது பெற்றோரும் ஞானப்பெற்றோரும் அவனுக்காகச் சொன்ன பதிலைத்தான் திடப்படுத்தலில் அவனே சொல்லப்போகிறான். இது புரிந்துவிட்டால் மனப்பாடத்துக்கும் உயிர் வந்துவிடும்.

பிள்ளைகள் தடுக்குவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். "பொந்தியு பிலாத்துவின் காலத்தில்": கொடியவன் பெயர் எதற்கு என்பார்கள். பிலாத்து கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்டவன். நடந்தது இன்ன காலம், இன்ன நாடு என்று அந்தப் பெயர் நிறுத்திவிடுகிறது. அடுத்தது "பாதாளத்தில் இறங்கினார்". பழைய ரோமாபுரி வடிவத்தில் இந்த வரி இல்லை, பிறகு சேர்ந்தது. நரக ஆக்கினை என்று எடுத்துக்கொண்டு குழம்புவார்கள். மரித்தோர் இருக்கும் இடம்வரை போனார், மெய்யாகவே மரித்தார் என்று முதலில் சொல்லுங்கள். மற்ற விளக்கங்கள் பிறகு.

வைகைக்கரை
நண்பர்களுக்குப் பதில் வேதத்திலேயே இருக்கிறது. 1 கொரிந்தியர் 15:3-5-ஐத் திறந்து காட்டுங்கள். "நான் அடைந்ததும் உங்களுக்கு முக்கியமாக ஒப்புவித்ததும்" என்று பவுல் சொல்வது, அவருக்கு முன்பே சபையில் இருந்த அறிக்கையை. வாயினாலே அறிக்கைபண்ணுவதற்கு ரோமர் 10:9.

"வேதம் போதும், பிரமாணம் வேண்டாம்" என்பதில் ஒரு சிக்கல் உண்டு. நான்காம் நூற்றாண்டுக் குருவான ஆரியு, குமாரன் படைக்கப்பட்டவர் என்று சொன்னபோது அவர் தரப்பும் வசனம்தான் காட்டியது: "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" (யோவான் 14:28). இரு தரப்பும் ஒரே வேதத்தை வாசித்தன. எப்படி வாசிக்கிறோம் என்று சபை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று. 325-ல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் சங்கம் பிதாவோடு குமாரன் ஒரே தன்மையுடையவர் என்று எழுதியது அதற்காகத்தான். திருவிருந்து ஆராதனையில் நாம் சொல்லும் நிசேயா பிரமாணத்தின் நீண்ட வடிவம் 381 கொன்ஸ்தாந்திநோபிள் சங்கத்தோடு சேர்ந்தது.

ஆனால் நண்பர்களின் தயக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் காங்கிரிகேஷனல் மரபு, அதாவது ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் மரபு. பிரமாணத்தை வைத்து மனச்சாட்சியைக் கட்டுவது அவர்களுக்குப் பிடிக்காது. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அப்போஸ்தலர், நிசேயா ஆகிய இரண்டு பிரமாணங்களையும் விசுவாசத்துக்குச் சாட்சியாகவும் காவலாகவும் ஏற்றுக்கொண்டது. விளக்கத்தில் நியாயமான சுதந்திரத்தையும் விட்டுவைத்தது. கேள்வி கேட்கிற பிள்ளையை அதட்டி உட்காரவைக்க நமக்கு அதிகாரம் இல்லை.

கீழவெளிவீதி
கத்தோலிக்கர் பக்கத்திலிருந்து ஒன்று. பாஸ்கா திருவிழிப்பில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின இரவு ஆராதனையில், எரியும் மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, குருவானவர் கேட்கக் கேட்கப் பதில் சொல்வோம். முதலில் சாத்தானை விட்டுவிடுவதாக, பிறகு தந்தையை, மகனை, தூய ஆவியாரை நம்புவதாக. அரசரடி சொன்ன மூன்று கேள்விகள் அப்படியே அங்கே இருக்கின்றன. பிள்ளைகளை ஒருமுறை கூட்டிவந்து காட்டுங்கள்.

அரசரடி
நல்ல யோசனை. பசுமலைவாசிக்கு இன்னொன்று: ஆராதனையில் வேகத்தைக் குறையுங்கள். நடத்துகிறவர் ஓடினால் சபையும் ஓடும். "பரிசுத்த ஆவியை விசுவாசிக்கிறேன்" என்பதற்கு முன் ஒரு மூச்சு நிறுத்தினாலே போதும், மூன்றாம் பகுதி தொடங்குவது காதில் விழும்.