ஆகஸ்டில் இலங்கைப் பயணம்: எந்தக் கரை, என்ன முன்னேற்பாடு?

கேள்வி (தண்டையார்பேட்டை)

அனைவருக்கும் வணக்கம். இன்சுலின் போட்டுக்கொள்ளும் 68 வயது அம்மாவையும் எட்டு வயது மகனையும் அழைத்துக்கொண்டு ஆகஸ்டில் பத்து நாள் இலங்கை செல்லவிருக்கிறேன். மகனுக்குக் கடலில் குளிக்க ஆசை என்பதால் ஹிக்கடுவையில் அறை பார்த்திருக்கிறேன். முன்பணம் இன்னும் கட்டவில்லை. கடலையும் கொசுவையும் நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. சென்று வந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் (காசிமேடு)

முன்பணம் கட்டாதது நல்லதாயிற்று, தம்பி. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் ஹிக்கடுவை, பெந்தோட்டை, காலி ஆகிய கரைகளில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். அதே மாதங்களில் திருகோணமலையை அடுத்த உப்புவெளியிலும் நிலாவெளியிலும் அலை அடங்கியிருக்கும். வாடைக்காற்று தொடங்கினால் இந்த நிலை தலைகீழாகிவிடும். ஆகவே அறையை நிலாவெளிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பம் தலைமுறைகளாகக் கடலுக்குப் போகும் குடும்பம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: செங்கொடி பறக்கும் இடத்தில் கணுக்கால் நீரில்கூடப் பிள்ளையை இறக்காதீர்கள். இரு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் நீர் அமைதியாகத் தெரிந்தால், பெரும்பாலும் அங்கேதான் கடல் உள்நோக்கி இழுக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் அந்த அமைதியைக் கண்டு ஏமாந்திருக்கிறார்கள். அகப்பட்டவர் இழுப்பை எதிர்த்து நேராக நீந்தி ஓய்ந்துபோகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பைக் கடந்த பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும்.

பதில் (ராயபுரம்)

நான் செவிலியர். இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்துவிட்டது. நீங்கள் அஞ்ச வேண்டியது டெங்குவுக்குத்தான். அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பதால், இரவில் வலை கட்டினால் மட்டும் போதாது. பகலிலும் முழுக்கைச் சட்டையும் கொசு விரட்டிக் களிம்பும் தேவை. காய்ச்சல் கண்டால் பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் ரத்தக்கசிவுக்கு வழிவகுக்கும் என்பதால் கொடுக்கக் கூடாது. ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தாலும், பயணம் போனதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அம்மாவின் இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போடாதீர்கள்; விமானத்தின் அடித்தளக் குளிரில் உறைந்து கெட்டுவிடக்கூடும். மருத்துவர் சீட்டுடன் கைப்பையிலேயே இருக்கட்டும்.

பதில் (திருவொற்றியூர்)

அங்கே இலவச ஆம்புலன்ஸுக்கு 1990, காவல்துறைக்கு 119. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பதை அவமதிப்பாகக் கருதுவார்கள். மகனிடம் முன்பே சொல்லிவையுங்கள். நிலாவெளியில் தங்கினால் கோணேசுவரம் பக்கம்தான். நம் ஒற்றியூரைப் பாடிய சம்பந்தர் கோணமலையையும் பாடியிருக்கிறார். கோயில் பாறை உச்சியில் இருப்பதால், அம்மாவை வெயில் ஏறுமுன் காலையிலேயே அழைத்துச் செல்லுங்கள்.