சேப்பாக்கம்: கூரைக்குக் கீழேயும் புல்லுக்குக் கீழேயும்

எந்த ஸ்டாண்டில் டிக்கெட் எடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு: 2011க்கு முன்பு சென்னை சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தில் மேட்ச் பார்த்தவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய கான்கிரீட் கூரையைத் தூண்கள் தாங்கின. தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தால் பவுலர் தெரிவார், பேட்ஸ்மேன் தெரியமாட்டார். 2009இல் தொடங்கிய புதுப்பிப்பில், 2011 உலகக்கோப்பைக்காக எழுந்த ஐ, ஜே, கே ஸ்டாண்டுகளில் அந்தத் தொல்லை இல்லை. கூரையின் பாரம் கேபிள் வழியாக இரும்புச் சட்டத்துக்குப் போய்விடுகிறது. மேலே இருப்பது இழுத்துக் கட்டிய பிடிஎஃப்இ (டெஃப்லான் வகை பிளாஸ்டிக்) மென்விரிப்பு. வெளிச்சம் கசியும், கடற்காற்றும் உள்ளே வரும். சென்னை வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான கூரை கிடையாது. வரிசைகள் 36 பாகைச் சரிவில் இருப்பதால் முன்னால் இருப்பவர் தலை மறைக்காது. ஆனால் படிகள் செங்குத்து; மூட்டுவலி உள்ளவர்களைக் கூட்டிப்போனால் கீழ்த்தளமே நல்லது.

*

மேலே சொன்ன மூன்று ஸ்டாண்டுகளும் பல ஆண்டுகள் பூட்டியே கிடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பக்கத்துக் கட்டடத்துக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே விதிப்படி விட வேண்டிய இடைவெளி இல்லை என்பதுதான் சிக்கல். 2019 ஐபிஎல் இறுதிப்போட்டி ஹைதராபாத்துக்குப் போனதற்கு இதுவே காரணம். 1934இல் முதல் ரஞ்சி கோப்பை ஆட்டத்தையும், 1952இல் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றியையும் பார்த்த மைதானத்துக்கு இப்படி ஒரு நிலை வந்திருக்கக் கூடாது. நாலு பக்கமும் சாலையும் ரயிலும் கால்வாயும் நெருக்கும் இடத்தில், வரைபடம் போடும்போதே தீயணைப்பு வண்டி சுற்றிவர வழி இருக்கிறதா என்று அளந்துவிட வேண்டும். கட்டிய பிறகு அளந்து பயனில்லை. பழைய பெவிலியனை இடித்துக் கட்டிய கலைஞர் ஸ்டாண்ட் 2023 மார்ச்சில் திறந்தது.

*

எல்லோரும் கூரையையே பேசுகிறோம். ஆட்டத்தை மாற்றுவது பிட்ச் மண். சேப்பாக்கத்தில் செம்மண் பிட்ச்சும் உண்டு, கரிசல் பிட்ச்சும் உண்டு. 2024 செப்டம்பரில் வங்கதேச டெஸ்ட் செம்மண்ணில் நடந்தது. முதல் நாள் காலையிலேயே வேகப்பந்துக்கு இந்தியா 34 ரன்னுக்கு 3 விக்கெட். சேப்பாக்கம் என்றால் சுழல்தான் என்று நினைத்தவர்கள் திகைத்துப்போனார்கள். செம்மண்ணில் பந்து நன்றாக எழும்பும், நாள் போகப்போக மேல்மண் உதிரும். கரிசல் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், பந்து தாழ்ந்து நின்று வரும்.

புது பிட்ச் போடும்போது 22 கெஜ நீளம், 10 அடி அகலத்தோடு நிறுத்தாமல், பவுலர் கால் ஊன்றும் இடத்தையும் சேர்த்துத் தோண்ட வேண்டும். அடியில் ஜல்லி, அதன்மேல் மணல், அதற்கும் மேலே சலித்த களிமண். களிமண்ணை மொத்தமாகக் கொட்டிவிடக் கூடாது. இரண்டு அங்குலம் பரப்பி, ஈரமாக்கி, ரோலர் ஓட்டி, அடுத்ததைக் கொட்டும் முன் மேற்பரப்பைக் கீறிவிட வேண்டும். கீறாமல் விட்டால் இரண்டு அடுக்கும் ஒட்டாது. வெளியே எதுவும் தெரியாது, உள்ளே பிளவு நிற்கும். ஒரே லெங்த்தில் (பிட்ச்சில் ஒரே தூரத்தில்) குத்தினாலும் ஒரு பந்து முழங்காலுக்கும் அடுத்தது நெஞ்சுக்கும் வருவது பெரும்பாலும் இதனால்தான். அதற்குமேல் எவ்வளவு ரோலர் போட்டாலும் சரியாகாது, மறுபடி தோண்டித்தான் ஆக வேண்டும். மண்ணைக் கையில் உருட்டிப் பாருங்கள்: விரலில் ஒட்டினால் கனமான ரோலரை இறக்காதீர்கள், உடையாமல் உருண்டு நின்றால் இறக்கலாம்.